வேரடியில் மெல்லக் கசியும் மருந்து: தக்காளிக்கு உதவுமா?

கேள்வி: நட்டு ஒரு மாதமானதும் தக்காளிச் செடிகள் திட்டுத்திட்டாக வாடுகின்றன. வேரில் மருந்து ஊற்றியும் பலன் இல்லை. மண்ணில் சிறிது சிறிதாகக் கசியும், சூழலுக்குக் கேடில்லாத பூஞ்சணக்கொல்லிகள் வந்திருப்பதாகச் சொல்கிறார்களே, அவற்றை வாங்கலாமா? – வாசகர், பாலக்கோடு

பதில்: வாங்குவதற்கு முன், நோய் இன்னதென்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் நீரில் படும்படி கண்ணாடி டம்ளரில் பிடித்தால், சில நிமிடங்களில் பால் போன்ற இழை கீழிறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு எந்தப் பூஞ்சணக்கொல்லியும் பயன்படாது. அடியிலைகள் ஒரு பக்கமாக மஞ்சளாகத் தொடங்கி, தண்டைப் பிளக்கும்போது உள்ளே பழுப்புக் கோடுகள் தெரிந்தால், ஃபியூசேரியம் என்ற மண்வாழ் பூஞ்சணத்தால் வரும் வாடல் என்று கொள்ளலாம்.

வேரில் ஊற்றும் மருந்து முதல் சில நாட்கள் தேவைக்கு மேல் இருக்கும்; பிறகு பாசன நீரோடு கீழிறங்கியும் மண்ணில் சிதைந்தும் குறைந்துபோகும். ஃபியூசேரியத்தின் தடித்த வித்துக்களோ ஆண்டுக்கணக்கில் மண்ணில் காத்திருக்கும். இந்த இடைவெளியை அடைக்கவே, மருந்தை மக்கும் பொருளுக்குள் பொதிந்து குறுணையாக்கும் முறை உருவானது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான், பழுப்புக் கடற்பாசியின் ஆல்ஜினேட், மரத்தின் லிக்னின் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. சில பாக்டீரியாக்கள் தம் உடலில் உணவுச் சேமிப்பாக வைத்துக்கொள்ளும் பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற இயற்கை நெகிழியும் அவ்வாறே பயன்படுகிறது. ரஷ்யாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகர ஆய்வாளர்கள் இதில் டெபுகோனசோல் என்ற பூஞ்சணக்கொல்லியைப் பொதிந்து, கோதுமையின் ஃபியூசேரியம் நோய்க்கு எதிராகச் சோதித்திருக்கிறார்கள். மண்ணின் நுண்ணுயிர்கள் உறையைத் தின்னத் தின்ன மருந்து வெளிப்படும். ஆகவே ஈரமும் உயிரோட்டமும் இல்லாத மண்ணில் இதன் வேகம் குறையும்.

மக்கும் உறை கொண்ட இத்தகைய குறுணைகள் பெரும்பாலும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை. யாராவது விற்க வந்தால், 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பெற்ற பதிவு எண்ணும், தக்காளிக்கான பரிந்துரையும் சீட்டில் அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையேல் பணத்தை வீணாக்காதீர்கள்.

இப்போது கைக்கெட்டும் வழி, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணம். எக்டருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, நடவுக்கு முன் ஈரமண்ணில் இடுங்கள். இது வேரைச் சுற்றித் தானே பெருகுவதால், மருந்தை மெல்ல விடுவிக்கும் வேலையை ஓரளவு இதுவே செய்துவிடுகிறது. இதனுடன் செம்பு மருந்தைக் கலக்க வேண்டாம். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் போதும்; ஆனால் கம்பெனி விதை ஏற்கெனவே மருந்து பூசி வண்ணமேற்றி வந்திருந்தால் அதன்மேல் இதைத் தடவுவது வீண். செடி வாடிய பின் இட்டு அதிசயத்தை எதிர்பார்ப்பதும் அப்படித்தான்.

கேள்வி: உறை மக்கும் என்றால் பழத்தில் நஞ்சு இராது என்று கொள்ளலாமா? – வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: கொள்ள முடியாது. உறை மக்கினாலும் உள்ளிருப்பது அதே இரசாயனம்தான். டெபுகோனசோல் போன்றவை வேர்வழி செடிக்குள் ஏறக்கூடியவை என்பதால், நீண்ட நாள் கசியும் மருந்துக்கு அறுவடை இடைவெளியை, அதாவது மருந்திட்ட பின் பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாட்களை, இன்னும் கவனமாக வரையறுக்க வேண்டும். மேலும், உறையிட்டவை எல்லாம் மக்குவதில்லை. சந்தையிலுள்ள நுண்ணுறை மருந்துகளில் பாலியூரியா போன்ற செயற்கை உறைகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நுண்நெகிழிகளைக் கட்டுப்படுத்தியபோது, பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளுக்கு 2031 வரை அவகாசம் தந்தது இதனால்தான்.

கேள்வி: மழைக்காலத்தில் வரும் இலைக்கருகலுக்கு வேரடிக் குறுணை போதுமா? – வாசகர், ஓசூர்

பதில்: போதாது. பின்பருவ இலைக்கருகல் குளிரும் ஈரமும் நீடித்தால் சில நாட்களிலேயே வயலைக் கருக்கிவிடும். மெல்லக் கசியும் மருந்து அந்த வேகத்திற்கு ஈடுகொடுக்காது. இலையில் நோய் வருமுன் தெளிப்பதும், குச்சி கட்டிச் செடியைத் தரையிலிருந்து உயர்த்துவதும், கருகத் தொடங்கிய இலைகளைக் கிள்ளி வயலுக்கு வெளியே அழிப்பதுமே இங்கு உதவும்.