ஹரிமாவ் மலாயாவுக்கு அடுத்த பயிற்றுநர் யார்?

கேள்வி: மலேசியத் தேசியக் காற்பந்துக் குழுவான ஹரிமாவ் மலாயா தடுமாறினாலே பயிற்றுநரை மாற்றுகிறார்கள். அடுத்தவர் உள்ளூர்க்காரரா, வெளிநாட்டவரா?
- வாசகர், செந்தூல்

பதில்: கடப்பிதழைப் பார்த்து ஆளை எடுக்க முடியாது. உள்ளூர்க்காரர் கே.ராஜகோபால் 2009 சீ விளையாட்டில் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) தங்கம் வென்ற இளையோரையே பெரும்பாலும் நம்பி 2010 சுசுகி கிண்ணத்துக்கு (இன்றைய ஆசியான் கிண்ணம்) போனார். முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5. அதே அணியை இறுதிச்சுற்றில் புக்கிட் ஜாலிலில் 3-0 என வீழ்த்திக் கிண்ணத்தையும் வென்றார். கொரியர் கிம் பான் கோன் 2023 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெறச் செய்தார். அங்கே ஜோர்டானிடம் 0-4, தென்கொரியாவுடன் 3-3. இருவருமே சாதித்தவர்கள்தாம்.

உண்மையான முட்டுக்கட்டை நாள்கணக்கு. தேசியக் குழுக்களின் ஆட்டங்களுக்கென ஒதுக்கப்படும் வழக்கமான ஃபீஃபா ஆட்டவாரம் திங்களில் தொடங்கி அடுத்த வாரச் செவ்வாயில் முடியும்: ஒன்பது நாள், இரண்டு ஆட்டம். வார இறுதியில் லீக் ஆடிய கால்களுக்கு முதல் இரண்டு நாள் ஓய்வுதான். பயணத்தையும் கழித்தால், முழு வேகப் பயிற்சி மூன்று, நான்கு முறைதான் மிஞ்சும். இதில் புது ஆட்டமுறையைப் புகுத்த நினைப்பவர் கவிழ்வார். தற்காப்பு வரிசையை நிலைப்படுத்தி, கார்னர், ஃப்ரீ கிக்கைப் பழக்குபவரே தேவை. ஆசியான் கிண்ணமோ ஃபீஃபா அட்டவணைக்கு வெளியே நடப்பது. ஆட்டக்காரரை விடுவிக்க வேண்டிய கட்டாயம் கிளப்புகளுக்கு இல்லை. கிளப் முதலாளிகளிடம் பேசத் தெரிந்தவராகவும் இருக்கட்டும்!

கேள்வி: புதுப் பயிற்றுநருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம் கொடுக்கலாம்?
- வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஒரு தகுதிச் சுற்று முழுவதும். நடுவில் விலக்கினால் நட்டஈடு வேறு.