நிலாவைச் சுண்டுவிரலால் மறைக்கலாம்: கேள்வி பதில்

அன்றாடம் கண்ணில் பட்டும் யாரும் நின்று யோசிக்காத விஷயங்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நீங்களே சோதித்துப் பார்க்கக்கூடியவற்றை முன்னால் வைத்திருக்கிறேன். நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

கே: சார், பௌர்ணமி அன்று அடிவானத்தில் எழும்போது நிலா அவ்வளவு பெரிதாக இருக்கிறது. போனில் படம் எடுத்தால் மட்டும் புள்ளியாக விழுகிறதே, போனில் கோளாறா?

ப: போன் உண்மையைத்தான் காட்டுகிறது. ஏமாறுவது நாம்தான். கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரலால் நிலாவை மறைத்துப் பாருங்கள். நீட்டிய சுண்டுவிரலின் அகலம் கண்ணுக்கு ஏறக்குறைய 1 பாகை. நிலா அரைப் பாகைதான். அவ்வளவு பெரிய நிலா விரலுக்குப் பின்னால் முழுசாக ஒளிந்துகொள்ளும். சில மணி நேரம் கழித்து அது உச்சிக்கு வந்ததும் அதே விரலை நீட்டுங்கள். அளவில் மாற்றம் தெரியாது.

சொல்லப்போனால் உச்சியில் இருக்கும் நிலாதான் ஒரு துளி பெரிது. தலைக்கு மேல் வரும்போது அது கிட்டத்தட்ட பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது சுமார் 6,400 கி.மீ., நமக்கு நெருங்கி வருகிறது. மொத்தத் தொலைவு சராசரியாக 3,84,400 கி.மீ. என்பதால் வித்தியாசம் 2 சதவீதத்தைக்கூடத் தொடாது.

பிறகு ஏன் பெரிதாகத் தெரிகிறது? மூளையின் வேலை. நடுவில் மரமும் கட்டடமும் இருப்பதால் "இது ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, ஆகவே பெரியது" என்று மூளை கணக்குப் போடுகிறது என்பது பழைய விளக்கம். ஆனால் நடுக்கடலில் எழுகிற நிலாவும் பெரிதாகத்தானே தெரிகிறது? அங்கே மரமேது, கட்டடமேது? இன்றுவரை எல்லா ஆராய்ச்சியாளர்களும் ஒப்புக்கொண்ட ஒரே விடை கிடையாது. ஒன்று மட்டும் செய்து பாருங்கள்: நிலாவுக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பாருங்கள். பலருக்கு அது சட்டென்று சிறுத்துவிடும். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்பது உங்கள் பாடு.

கே: காற்றுமண்டலம் பூதக்கண்ணாடி போல நிலாவைப் பெரிதாக்குகிறது என்றல்லவா படித்திருக்கிறேன்?

ப: அது தவறு. காற்றுமண்டலம் நிலாவைச் சிவக்க வைக்கும், மேலும் கீழுமாக லேசாக நசுக்கும். பெரிதாக்காது.

கே: ஓடிக்கொண்டே இருக்கும் மின்விசிறியின் இறக்கையில் தூசி எப்படிப் படிகிறது?

ப: இறக்கையை ஒட்டியிருக்கும் மிக மெல்லிய காற்றுப் படலம் இறக்கையோடு சேர்ந்தே சுற்றுகிறது. அதற்குள் ஒட்டிக்கொண்ட தூசியைப் பொறுத்தவரை காற்றே அடிக்கவில்லை. துடைக்கும்போது கவனியுங்கள், காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போகும் விளிம்பில்தான் அழுக்கு தடித்திருக்கும்.

கே: என் மகன் உட்கார்ந்தால் எழுந்தால் விரலில் நெட்டி முறிக்கிறான். மூட்டுவாதம் வரும் என்று மிரட்டி வைத்திருக்கிறேன். சரிதானே சார்?

ப: அம்மா, இதே மிரட்டலைச் சின்ன வயதில் கேட்ட ஓர் அமெரிக்க மருத்துவர், டொனால்ட் அங்கர், தன் கைகளையே சோதனைக்கூடமாக்கினார். 50 ஆண்டுகள் இடது கை விரல்களில் மட்டும் தினமும் இரண்டு தடவையாவது நெட்டி முறித்தார், வலது கையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைத்தார். 1998-ல் ஒரு மருத்துவ இதழுக்கு முடிவை எழுதி அனுப்பினார்: இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. 2009-ல் இதற்காக அவருக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது.

ஒரே ஒரு ஆளின் கையை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனால் பலரை வைத்துச் செய்த ஆய்வுகளும் நெட்டி முறிப்பதற்கும் மூட்டுவாதத்துக்கும் தொடர்பு காட்டவில்லை. சத்தம் எலும்பு உரசுவதால் வருவதல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகிறது. சத்தம் குமிழி பிறக்கும்போது வருகிறதா, உடையும்போது வருகிறதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த வாயு மறுபடி கரைய வேண்டும் என்பதால்தான் அதே விரலில் உடனே இன்னொரு நெட்டி வராது, ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி அவனை விட்டுவிடலாம்.

கே: ரொம்ப நேரம் தண்ணீரில் இருந்தால் விரல் நுனி சுருங்குவது தோல் ஊறுவதால்தானே?

ப: அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் விரலுக்குப் போகும் நரம்பு அறுந்துபோனவர்களுக்கு, எவ்வளவு ஊறினாலும் அந்த விரல் சரியாகச் சுருங்காது. 1930-களிலேயே மருத்துவர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். நரம்பு உத்தரவிட, உள்ளே ரத்தக் குழாய்கள் குறுகுகின்றன, மேல்தோல் மடிகிறது. ஈரப் பொருளைப் பிடிக்க வசதி என்று 2013-ல் ஓர் ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டே இன்னொரு ஆய்வு, அப்படி ஒரு பயனும் தென்படவில்லை என்றது.

கே: எங்கள் அலுவலகப் பிரிவில் 25 பேர்தான். அதில் இருவருக்கு ஒரே பிறந்தநாள். எவ்வளவு அபூர்வம் பாருங்கள்!

ப: அபூர்வமே இல்லை சார். 23 பேர் கூடினாலே அதற்கான வாய்ப்பு 50 சதவீதத்தைத் தாண்டிவிடும். 57 பேர் என்றால் 99 சதவீதம். 365 நாள் எங்கே, 23 பேர் எங்கே என்று திகைப்போம், ஏனென்றால் நம் பிறந்தநாளோடு மட்டும் மற்றவர்களுடையதை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இங்கே ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் ஒப்பிட வேண்டும். முதல் ஆளுக்கு 22 ஜோடி, அடுத்தவருக்குப் புதிதாக 21, அதற்கடுத்தவருக்கு 20... கூட்டினால் 253 ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒரு லாட்டரிச் சீட்டு.

அதே சமயம், உங்கள் பிறந்தநாளே இன்னொருவருக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் உங்களைச் சுற்றி 253 பேர் வேண்டும். 2014 உலகக் கோப்பைக் கால்பந்தில் 32 அணிகள், அணிக்கு 23 வீரர்கள். ஒரே பிறந்தநாள்காரர்கள் இருந்த அணிகள் 16. அச்சாகப் பாதி.

கே: எங்கள் வகுப்பில் 40 பேர். யாருக்கும் ஒரே நாள் இல்லை. உங்கள் கணக்கு உதைக்கிறதே?

ப: உதைக்கவில்லை தம்பி. 40 பேர் கொண்ட 100 வகுப்புகளை எடுத்தால் சுமார் 11-ல் அப்படித்தான் இருக்கும். உங்களுடையது அந்த 11-ல் ஒன்று.

கே: நாம் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே?

ப: கட்டுக்கதை. உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை, உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடல் இவ்வளவு செலவு செய்யாது.

கே: கால்குலேட்டரில் 7-8-9 மேலே, போனில் 1-2-3 மேலே. ஏன் இந்தக் குழப்பம்?

ப: கால்குலேட்டர் பழைய கணக்கு இயந்திரங்களின் வாரிசு. அவற்றில் சின்ன எண் கீழே, பெரிய எண் மேலே. தொலைபேசியில் சுழல்வட்டுக்குப் பதில் பொத்தான் வைக்க நினைத்தபோது, அமெரிக்காவின் பெல் ஆய்வகம் பல அமைப்புகளை ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தது. 1960-ல் முடிவுகள் வெளிவந்தன. நல்ல அமைப்புகளுக்குள் வேகத்திலும் பிழையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கடைசியில் 1-2-3 மேலே இருப்பதையே தேர்ந்தெடுத்தார்கள், 1963-ல் அது விற்பனைக்கு வந்தது. கணினி விசைப்பலகையின் வலது ஓரத்து எண்கள் கால்குலேட்டர் பக்கம் போய்விட்டன. நாள் முழுக்க அதில் எண் தட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், போனில் தடுமாறுவதுண்டா என்று எழுதுங்கள்.