தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டில் மாதச் சாமான் வாங்கினால் உண்மையிலேயே மிச்சமாகுமா?

மிச்சமாகும். ஆனால் எல்லாச் சாமானிலும் ஆகாது, எல்லா வீட்டுக்கும் ஆகாது.

கேட்டவர் சிறிய ஊர்க்காரர். பக்கத்தில் புதிதாகத் தள்ளுபடிக் கடை ஒன்று வந்திருக்கிறது, மாதச் சாமானை மொத்தமாக அங்கே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறார். நான் காரைக்குடியில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும், பள்ளத்தூரில் தனியாக இருக்கும் ஆயாவுக்கும் (அம்மாவைப் பெற்றவர்) சாமான் வாங்குவது என் பொறுப்பு. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினாலும் எங்கள் வீட்டுக்கு அது லாபமாகவும் ஆயா வீட்டுக்கு நஷ்டமாகவும் முடிகிறது. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், இவர்களால் எப்படிக் குறைத்துத் தர முடிகிறது? இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, நேர்மையான வியாபாரம்தான். டி-மார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் மும்பை பவாயில் முதல் கடை. பெரும்பாலும் சொந்தக் கட்டடம், அதனால் வாடகைச் சுமை குறைவு. கம்பெனிகளுக்குப் பணத்தைச் சீக்கிரம் கொடுத்துவிடுவதால் கொள்முதல் விலை குறைகிறது. அலங்காரத்துக்குச் செலவில்லை. ஜெர்மனியின் ஆல்டியும் இதே வழிதான். எஸ்ஸன் நகரில் அம்மா நடத்திய சின்ன மளிகைக் கடையை 1940-களில் கார்ல், தியோ என்ற இரண்டு மகன்கள் எடுத்து நடத்தினார்கள். சில நூறு சாமான்களை மட்டும் வைத்து, வேகமாக விற்று, விலையைக் குறைத்தார்கள். ஒரு மளிகைக் கடைக்குள்ளிருந்தே இந்த யோசனை பிறந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, விலை குறைகிறது. எதோடு ஒப்பிட்டு? அட்டையில் எம்ஆர்பி 250, எங்கள் விலை 190 என்று போட்டிருக்கும். எம்ஆர்பி என்பது உச்சவரம்பு, அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். அந்த விலைக்குத்தான் எல்லாரும் விற்கிறார்கள் என்று அர்த்தமில்லை. உங்கள் தெருக் கடைக்காரர் அதையே 200-க்குத் தருகிறார் என்றால் உங்களுக்கு மிச்சம் 60 இல்லை, பத்து ரூபாய். ஆகவே புதுக் கடைக்குப் போகுமுன் பழைய கடை ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் செய்தேன். எங்கே நிஜமாகவே குறைகிறது என்பது ஒரே நடையில் தெரிந்துவிடும்.

சோப்பு, பற்பசை, ஷாம்பு, சலவைத் தூள், பினாயில், டீத்தூள், பிஸ்கட் இதெல்லாம் அங்கேயே வாங்கலாம். எந்தக் கடையில் வாங்கினாலும் அதே சரக்கு, அதே தரம். விலை ஒன்றுதான் வித்தியாசம், அதில் அவர்கள் ஜெயிக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்குப் பிறகு வந்த விலைக் குறைப்பில் வரி குறைந்ததால் வந்தது எவ்வளவு, கடை தன் பங்காகக் கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பொட்டலத்தின் அளவு. இதில் நிதானம் வேண்டும். எண்ணெய்ப் பாக்கெட் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் ஒரு லிட்டர் என்றிருக்கும், பக்கத்தில் இருப்பதில் 850 மில்லி. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் சுமார் 910 கிராம்தான் எடை வரும், அதனால் கிராமில் ஒன்று, மில்லியில் ஒன்று என்று போட்டிருந்தால் கண்ணால் ஒப்பிடவே முடியாது. ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்ற அலகு விலையையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது எம்ஆர்பி கணக்கில் போட்டது, தள்ளுபடி விலைக்கு நாம்தான் வகுத்துப் பார்க்க வேண்டும். போனில் கால்குலேட்டர் இருக்கிறதே. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதற்கும் இதே கணக்குத்தான், கூடவே காலாவதித் தேதியையும் பாருங்கள். தேதி நெருங்கிய சரக்கு பல நேரம் அந்த அடுக்கில்தான் இருக்கும்.

எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் அடுக்கில் ஒட்டியிருந்த விலை ஒன்று, பில்லில் வந்த விலை வேறு. சொன்னதும் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பார்க்காதவர்களுக்கு யார் திருத்துவது? வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போகுமுன் ஓரமாக நின்று பில்லைப் படித்துவிடுங்கள். எம்ஆர்பிக்கு மேல் போட்டு, கேட்டும் திருத்தவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

இனி நான் அங்கே வாங்காதவை. செட்டிநாட்டுச் சமையல் செய்கிறவர்களுக்கு இது முக்கியம்.

உளுந்தும் மிளகாயும் மசாலாச் சாமானும் கண்ணாலும் மூக்காலும் வாங்க வேண்டியவை. வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியை அளந்து அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார்கள். இந்த அளவு புது உளுந்துக்குச் சரியாக வரும். பழைய உளுந்து என்றால் மாவு காணாது, பணியாரம் எண்ணெயில் உப்பாமல் தட்டையாகக் கிடக்கும். மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்தால் புதுசா பழசா என்று சொல்லிவிடலாம். கண்ணாடித் தாளுக்குள் பளபளவென்று இருக்கும் உளுந்தில் அது தெரியாது. பொட்டலம் கட்டிய தேதி அதில் இருக்கும், விளைந்த பருவம் இருக்காது.

மிளகாயும் அப்படித்தான். குழம்புக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய் வேண்டும், 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தக் குண்டு வத்தல். காம்பைக் கிள்ளி, குலுக்கி, விதைச் சத்தம் கேட்டு வாங்குவோம். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, ஜாதிபத்திரி எல்லாம் ஒரு குழம்புக்குச் சிட்டிகைக் கணக்கு. பெரிய கடையில் 50 கிராம், 100 கிராம் பாக்கெட்தான் கிடைக்கிறது. நாங்கள் அதைத் தீர்ப்பதற்குள் கல்பாசியில் மணம் போய்விடும். பழைய மளிகைக் கடையில் பத்து ரூபாய்க்குக் கலந்து காகிதத்தில் மடித்துத் தருவார்கள். கிராமுக்குப் பார்த்தால் விலை கூடுதல்தான். ஆனால் தூக்கிப் போடுவது ஒன்றும் இல்லை.

அரிசிக்கு எங்களுக்குப் புதுவயல் ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்கு மூட்டைதான் கட்டுப்படி. 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அதனால்தான் 26 கிலோ மூட்டை புழக்கத்துக்கு வந்தது. சூப்பர் மார்க்கெட்டில் 5 கிலோ, 10 கிலோ பையாக வாங்கும்போது இந்த வரி விலையில் சேர்ந்தே வருகிறது. காய்கறிக்கு வாரச்சந்தையை விட்டு நான் எங்கும் போவதில்லை. துவரம்பருப்பு ரேஷனில் கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எந்தத் தள்ளுபடிக் கடையாலும் இதைத் தொட முடியாது. அட்டை இருப்பவர்கள் அதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது ஆயா வீடு. இந்தப் பகுதியை நான் மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

செட்டிநாட்டு ஊர்களில் வீடு பெரிது, ஆள் குறைவு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீண்டு கிடக்கும் வீட்டில் வயதானவர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். தள்ளுபடிக் கடையின் கணக்கோ நிறைய வாங்குகிறவரை நம்பியது. ஐந்து கிலோ வாங்கினால் கிலோ விலை குறையும், தனி ஆளுக்கு ஐந்து கிலோ எதற்கு? ரவையில் வண்டு விழும், கடலை மாவு காறிப்போகும். மிச்சம் என்று பில்லில் எழுதியிருப்பது குப்பையில் போகிறது.

போய் வரும் செலவும் இருக்கிறது. சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது ஆயா மாதிரி இருப்பவர்களுக்குப் பெரிய உதவி. போவது இலவசம். திரும்பும்போது கையில் மூன்று பை, பேருந்துப் படி உயரம், ஆகவே ஆட்டோ. மிச்சப்பட்டது ஆட்டோவோடு சரி. கடைக்குள்ளே நடக்க வேண்டிய தூரம், உயரமான அடுக்கு, எட்டாத சாமான், உட்கார ஒரு நாற்காலி கூட இல்லாதது எல்லாம் தனி. கடை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கேட்டுக்கொள்கிறேன்: பில் போடும் இடத்தருகே நாலு நாற்காலி போடுங்கள், விலை அட்டையில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். பெரிய செலவில்லை.

ஆயாவின் தெருவில் இருக்கும் மளிகைக் கடையில் போனில் சொன்னால் பையன் வந்து அடுப்படி வரைக்கும் வைத்துவிட்டுப் போகிறான். பற்று நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள், மணியார்டர் போலப் பிள்ளைகள் அனுப்பும் பணம் வங்கியில் விழுந்ததும் அடைத்துக்கொள்ளலாம். நூறு கிராம் சீரகம் கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. “ஆச்சி, போன வாரம் வாங்கின டீத்தூள் அதுக்குள்ள தீந்துபோச்சா?” என்று கடைக்காரர் கேட்பதற்குக் கூட ஒரு மதிப்பு இருக்கிறது. யாரோ ஒருவர் கவனிக்கிறார் என்று அர்த்தம். இந்தக் கடைகள் மூடிவிட்டால் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மாற்று கிடையாது. அதனால் சோப்பு சலவைத் தூளை வெளியே வாங்கினாலும் பருப்பு, உளுந்து, மசாலாவைத் தெருக் கடையில்தான் வாங்குவது என்று வைத்திருக்கிறேன். சில ரூபாய் கூடினாலும் அந்தக் கணக்கை நான் பார்ப்பதில்லை.

நீங்கள் மாறுவதென்றால், ஒரு மாதம் சோப்பு, எண்ணெய், டீத்தூள் இந்த மூன்றை மட்டும் புதுக் கடையில் வாங்கிப் பாருங்கள். பட்டியலைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அதில் இல்லாதது வண்டியில் ஏற வேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிறு போகாதீர்கள், சம்பளம் வந்த கூட்டம் பில் போடும் இடத்தில் நிற்கும். நடு மாதத்தில், வேலை நாளில், காலை பதினொரு மணி வாக்கில் போனால் அடுக்கும் நிறைந்திருக்கும், நின்று விலை பார்க்க இடமும் இருக்கும். பைக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், ஆகவே வீட்டிலிருந்து இரண்டு மஞ்சப்பை.