பழைய மென்பொருளைத் தூக்கிப் போடச் சொல்கிறார்களா?

கேள்வி: எங்கள் அடகுக் கடையின் வட்டிக் கணக்கும் ரசீதும் 1998-இல் எழுதி வாங்கிய, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான மென்பொருளில்தான். புதிய விண்டோஸ் 11 கணினியில் அது திறக்கவே இல்லை. புதிதாக வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர்.
- வாசகர், விருதுநகர்

பதில்: வாங்க வேண்டாம். விண்டோஸ் 11 64-பிட்டாக மட்டுமே வருகிறது. டாஸ் நிரல்கள் அதில் நேரடியாக ஓடா. விண்டோஸுக்குள் டாஸ் கணினி போல நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, உங்கள் பழைய ஃபோல்டரை அதற்கு 'சி' டிரைவாகக் காட்டுங்கள். வெறும் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது, ரசீது அச்சடிக்க உதவாது. கொஞ்ச நாள் பழைய கணினியிலும் சேர்த்தே கணக்கு எழுதிச் சரிபாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11-இல் 'எக்ஸ்பி மோட்' (பழைய விண்டோஸ் எக்ஸ்பியைப் புதியதற்குள் ஓட்டும் வசதி) போட்டுத்தர 2,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், சேலம்

பதில்: கூடாது. அது விண்டோஸ் 7-இன் உயர் பதிப்புகளுக்கு மட்டும் இலவசமாகக் கொடுக்கப்பட்டது; விண்டோஸ் 11-க்குக் கிடையாது.

கேள்வி: நானே நடத்தும் சிறிய அச்சகம். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கருக்காக விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினி போல இயங்கும் மென்பொருள்) எக்ஸ்பி போட்டு, 'மென்பொருள் விலை' என்று 8,000 ரூபாய் வாங்கினார்கள். பில் இல்லை. இரண்டே மாதத்தில் வைரஸ் புகுந்து, திருமண அழைப்பிதழ் கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன.
- வாசகர், கும்பகோணம்

பதில்: உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு இலவசம். நிறுவித் தந்ததற்குக் கூலி கேட்பது நியாயம், இலவசப் பொருளுக்கு விலை போடுவது மோசடி. அதைவிடக் கோபம் வருவது, எக்ஸ்பியை இணையத்தில் இணைத்து விட்டுப் போனதற்கு. 2014 ஏப்ரல் 8-உடன் அதற்குப் பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. பழைய இயங்குதளத்தைத் தனியே அடைத்து வைப்பதே அது வெளியுலகத்தைத் தொடாமல் இருக்கத்தான். விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் 'நாட் அட்டாச்டு' என்று வைக்க அரை நிமிடம் ஆகாது. அதைக்கூடச் செய்யாதவர் எதற்குக் காசு வாங்கினார்? எக்ஸ்பியும் உங்கள் கணினியும் பகிரும் ஃபோல்டரிலும் அன்றைய வேலை மட்டும் இருக்கட்டும். உள்ளே வைரஸ் வந்தால் அந்த ஃபோல்டரையும் விட்டுவைக்காது. வாரம் ஒருமுறை எக்ஸ்பியை நிறுத்திவிட்டு, அதன் முழு டிஸ்கும் அடங்கிய வி.டி.ஐ. கோப்பை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள்.

பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் நுகர்வோர்தான். பணம் அனுப்பிய வங்கிப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: விண்டோஸுக்குள்ளேயே தனியாகத் திறக்கும் சோதனை விண்டோஸான சாண்ட்பாக்ஸில் பழைய கணக்கு மென்பொருளை நிறுவி ஒரு மாதக் கணக்கை ஏற்றினேன். மூடித் திறந்தால் எதுவுமே இல்லை. மீட்க முடியுமா?
- வாசகர், கோவை

பதில்: முடியாது. மூடினால் எல்லாம் அழியும் என்று மூடும்போதே அது எச்சரிக்கிறது. படிக்காமல் 'ஓகே' அழுத்தினால் யார் என்ன செய்ய முடியும்?

கேள்வி: எம்பிராய்டரி டிசைன் மென்பொருளுக்கு 25 முனை 'லாக்' (பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும் சாவி) உண்டு. புதிய லேப்டாப்பில் அதைச் செருக இடமில்லை. யுஎஸ்பி மாற்றுக் கேபிள் வாங்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஆகும் என்று சொல்லி என்னிடமும் ஒன்றை விற்றார்கள். அந்தக் கேபிள் பிரிண்டருக்கு மட்டுமே; லாக்கை அது அடையாளம் காணாது. மென்பொருள் நிறுவனம் பழைய லாக்கை வாங்கிக்கொண்டு யுஎஸ்பி லாக் தருமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். யுஎஸ்பி லாக் என்றால் விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளும் அதை இணைக்க முடியும். தர மறுத்தால், பழைய கணினியை விற்றுவிடாதீர்கள்.