ஏஐ-க்குப் புரியணும்னா வெப்சைட்ல எல்லாத்தையும் டேபிளாவும் லிஸ்ட்டாவும் போட்டுடணுமா?

எல்லாத்தையும் வேணாங்க. ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாக்கறது டேபிள், வரிசையா செய்யறது நம்பர் போட்ட லிஸ்ட், ஏன்னு கேட்டா சொல்ற பதில் முழு வாக்கியம். காசிமேட்டுல எங்க மாமா மீன் கடைக்கு வெப்சைட் போட்டப்பதான் இது எனக்குப் புரிஞ்சுது.

மொதல்ல அவர் வாட்ஸ்அப்ல அனுப்பற விலைப் பட்டியல் போட்டோவ அப்படியே ஏத்திட்டேன், போட்டோக்குள்ள இருக்கற எழுத்து பல நேரம் மெஷினுக்குப் போய்ச் சேர்றதே இல்ல. அப்புறம் டைப் பண்ணி டேபிளாக்கினேன், வவ்வால்னு ஒரே கட்டத்துல எழுதி ரெண்டு வரிசைக்கு மெர்ஜ் பண்ணி பக்கத்துல கருப்பு, வெள்ளைன்னு பிரிச்சேன், பாக்க நல்லாதான் இருந்துச்சு. சாட்பாட்கிட்ட லிங்க குடுத்து வெள்ளை வவ்வால் என்ன விலைன்னு கேட்டா கருப்போட விலைய சொல்லுது. நமக்குக் கட்டம் கண்ல தெரியுது, அதுக்குப் பெரும்பாலும் வெறும் எழுத்தா வரிசையாதான் போகுது, பேஜ் பெருசுன்னா துண்டு துண்டா வெட்டி வேண்டிய துண்ட மட்டும் எடுத்துக்கும், தலைப்பு ஒரு துண்டுலயும் விலை இன்னொண்ணுலயும் மாட்டிக்கிச்சுன்னா அந்த விலை முழு மீனுக்கா வெட்டிக் கழுவினதுக்கான்னு அதுக்கு எப்படித் தெரியும்?

இப்ப மெர்ஜே கிடையாது. ஒவ்வொரு வரிசையிலயும் "வெள்ளை வவ்வால்"னு முழுப் பேர், தலைப்புல "முழு மீன், 1 கிலோ, ரூபாய்"னு அளவோட, எந்தக் கட்டமும் காலியா இருக்காது, மீன் இல்லன்னா "இன்னிக்கு வரத்து இல்ல"ன்னு எழுதிடுவேன். தலைப்ப போல்ட் பண்ணி விட்டுடாதீங்க, வெப் பேஜ் எழுதற எச்டிஎம்எல்ல தலைப்புக் கட்டத்துக்குன்னே டிஎச் (th)னு ஒரு டேக், அதாவது குறி, இருக்கு, பார்வை இல்லாதவங்க வச்சிருக்கற ஸ்க்ரீன் ரீடர் அத வச்சுதான் எந்தக் கட்டம் எந்தத் தலைப்புக்குக் கீழ வருதுன்னு படிச்சுக் காட்டும், எனக்கு ஏஐ-ய விட அது பெரிய காரணம்.

ஆர்டர் பண்ற முறைய மட்டும் நம்பர் லிஸ்ட்டா போட்டேன்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் டேபிள்ல அடைச்சுப் பாத்தேன், சரிவரல. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகு கடலுக்குப் போகாது, அதனால பெரிய மீன் வரத்து கொறஞ்சு விலை ஏறும். கட்டத்துக்குள்ள போட்டா அந்த "அதனால" காணாமப் போகுது. மே மாசம் வஞ்சிரம் ஏன் இவ்ளோ விலைன்னு கேக்கறவங்களுக்குப் பதிலே அந்த வார்த்தைலதான இருக்கு, அதான் டேபிளுக்குக் கீழ வாக்கியமாவே எழுதிட்டேன்.

டேபிளுக்கு மேல ஒரே வரி, எந்தக் கடை, எந்தத் தேதி விலைன்னு. காலைல ஏலம் முடிஞ்சு மாமா போன் பண்ணதும் மொதல்ல அந்தத் தேதிய மாத்திட்டுதான் விலையவே தொடுவேன்.