பக்கத்து வீட்டு மதிலில் மகன் வரைந்த முள்ளெலி: கலையா, நாசவேலையா?

டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். 15 வயது மகனுக்கு சோனிக் என்கிற முள்ளெலி வரும் வீடியோ கேம் என்றால் உயிர். அந்த முள்ளெலிக் கூட்டத்தோடு சேர்கிற மாதிரி தானே ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதற்குப் பெயர் வைத்து, நோட்டு நோட்டாக வரைந்துகொண்டிருந்தவன், இப்போது ஸ்பிரே டப்பா வாங்கி அதைப் பக்கத்து வீட்டு அங்கிளின் மதிலிலும், தெருவோரத்து மின்சாரப் பெட்டியிலும் பெரிதாக வரைந்து கையெழுத்தும் போட்டுவிட்டான். அங்கிள் கேஸ் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார். பையனோ "இது ஸ்ட்ரீட் ஆர்ட், நாசவேலை கிடையாது" என்கிறான், படம் நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்பாவும் அவன் பக்கம். யார் சொல்வது சரி, போலீஸ் கேஸ் ஆகுமா, சுவரை எப்படிச் சுத்தம் செய்வது, அந்தப் பாத்திரம் உண்மையில் அவனுடையதுதானா என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, சுவருக்கு பெயின்ட் அடிக்கிற வேலையும் சுவரில் படம் வரைகிற வேலையும் இரண்டும் செய்கிறவன் நான், அதனால் இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். சட்டத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் சுவரைக் கவனியுங்கள், ஏனென்றால் நாள் போகப் போக பெயின்ட் இறுகிவிடும்.

அங்கிளின் மதில் ஃபேஸ்பிரிக் என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது மேலே பூச்சில்லாத சுட்ட செங்கல். அவசரப்பட்டுச் சுவரைக் கெடுப்பது பெரும்பாலும் இதில்தான் நடக்கிறது. கம்பி பிரஷ் வேண்டாம், மணல் பீய்ச்சுகிற மெஷின் வேண்டாம், யாரிடமாவது ஹை பிரஷர் வாஷர் இரவல் வாங்கி முழு வேகத்தில் அடிக்கவும் வேண்டாம். சூளையில் சுடும்போது செங்கலின் வெளிப்பக்கம் ஒரு தோல் மாதிரி இறுகியிருக்கும். அந்தத் தோலை உரித்துவிட்டால் உள்ளே இருக்கிற மிருதுவான பகுதி மழைத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பிக்கும், நம் கோடை மழைக்கு அந்த இடம் சீக்கிரமே பாசி பிடித்துக் கறுத்துவிடும். நீச்சல் குளத்துக்கு ஊற்றுகிற ஆசிட்டைத் தேய்த்தால் போய்விடும் என்று யாராவது வந்து சொல்வார்கள், கேட்காதீர்கள். அது ஸ்பிரே பெயின்ட்டைக் கரைக்காது, செங்கல்களுக்கு நடுவே இருக்கிற சிமென்ட் கலவையைத்தான் அரிக்கும்.

ஹார்ட்வேர் கடையில் கிராஃபிட்டி ரிமூவர் என்று ஜெல்லாகக் கிடைப்பதை வாங்குங்கள், செங்கலுக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடுகிற தின்னர் வேண்டவே வேண்டாம், அது கலரைக் கரைத்து இன்னும் ஆழமாக உள்ளே இறக்கிவிடும். யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில், ஒரே ஒரு செங்கலில் முதலில் தடவிப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால், படத்துக்குக் கீழே இருக்கிற செங்கல்களைத் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டு (வழிந்து வருகிற கலரை அவை உறிஞ்சாமல் இருக்க) ஜெல்லைத் தடிமனாகப் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, காய்வதற்கு முன்னால் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீரால் மெதுவாகக் கழுவுங்கள். ஒரு தடவையில் போகாது. இரண்டு, மூன்று முறைக்குப் பிறகும் செங்கலின் துளைகளில் நிழல் மாதிரி ஒரு கறை தங்கலாம், கறுப்பும் சிவப்பும் என்றால் அது கொஞ்சம் அடம் பிடிக்கும். வெயில் நேராக அடிக்கும்போது செய்யாதீர்கள், ஜெல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ரசாயனத்துக்குத் தாங்குகிற கையுறையும் கண்ணாடியும் போட்டு அவனையே செய்யச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஆனால் அங்கிள் சம்மதம் சொல்லாமல் ஒரு சொட்டு ஜெல் கூட அந்தச் சுவரில் படக் கூடாது, அதுவும் அவர் சுவர்தானே.

மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிடலாமா என்று அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஃபேஸ்பிரிக்கில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒருமுறை பெயின்ட் ஏறிவிட்டால் அப்புறம் சில வருஷத்துக்கு ஒருமுறை அதற்கு பெயின்ட் அடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், அந்தச் செலவை அங்கிள் தலையில் கட்டுகிற மாதிரி ஆகிவிடும். சிமென்ட் பூசிய சுவரோ வைப்ராகிரீட் (அச்சில் வார்த்த கான்கிரீட் பலகைகள்) வேலியோ என்றால் கதை வேறு: கறை மேலே ஊறி வராமல் தடுக்கிற சீலரை முதலில் அடித்து, அதன்மேல் இரண்டு கோட்டு, அதுவும் படம் இருந்த இடத்துக்கு மட்டும் சதுரமாக அடிக்காமல் மூலையிலிருந்து மூலை வரை முழுப் பகுதிக்கும்.

மின்சாரப் பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். அது மாநகராட்சியின் சொத்து என்பது ஒரு பக்கம், உள்ளே ஓடுகிற கரண்ட் இன்னொரு பக்கம். ஸ்பிரே டப்பாவிலிருந்து வருகிற வாயு தீப்பிடிக்கக் கூடியது, அந்தப் பெட்டியின் காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில் நின்று அதை அடித்தான் என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே என்னைப் பயமுறுத்திய விஷயம். எச்சரிக்கைப் பலகை மறைந்திருந்தால் அடுத்து வருகிற ஊழியருக்கும் விளையாடுகிற குழந்தைகளுக்கும் ஆபத்து. நீங்களே மாநகராட்சி மின்சாரப் பிரிவைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

சரி, கேஸ் விஷயம். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இதற்கு மலிஷியஸ் இஞ்சுரி டு ப்ராப்பர்ட்டி என்று பெயர். பிறர் சொத்தை உரிமையில்லாமல், தெரிந்தே சேதப்படுத்துவது. கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை, அழகுபடுத்தத்தான் செய்தேன் என்பதும் பதில் ஆகாது. சுவர் இடிந்தால்தான் சேதம் என்றும் இல்லை, பழையபடி ஆக்க உரிமையாளருக்குச் செலவு வந்தாலே அதையும் சேதமாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ஆக அங்கிள் கேஸ் கொடுத்தால் அது சும்மா மிரட்டல் ஆகாது. அதே சமயம் பையனை லாக்கப்பில் போடுவார்கள் என்று நினைத்துத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2008-ஆம் ஆண்டின் சைல்ட் ஜஸ்டிஸ் சட்டம் தனியாக இருக்கிறது. சின்னக் குற்றங்களுக்குக் கைது செய்வதையே முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது அது. நன்னடத்தை அதிகாரி வந்து பையனைப் பார்ப்பார், தவறை ஒப்புக்கொண்டால் கோர்ட் விசாரணைக்குப் போகாமலே டைவர்ஷன் என்ற வழியில் முடிக்கலாம்: மன்னிப்புக் கேட்பது, நஷ்டத்தை ஈடு செய்வது, பாதிக்கப்பட்டவருக்கு ஏதாவது வேலை செய்து கொடுப்பது, இப்படி. கேஸ் நிஜமாகவே பதிவானால் ஒரு வக்கீலையோ லீகல் எய்டையோ பார்த்துவிட்டுப் பேசுங்கள். அதுவரைக்கும் அவன் அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டுப் பெருமை அடிக்காமல் இருக்கட்டும்.

கேஸுக்கு முன்னால் அங்கிள் வீட்டுக்குப் போங்கள். நீங்கள் போய் அழுவதை விட அவன் போய்ப் பேசுவது முக்கியம். "சாரி அங்கிள்" என்று தரையைப் பார்த்து முனகிவிட்டு வருவதில் பிரயோஜனமில்லை, எந்த நாளில் எப்படிச் சுத்தம் செய்து கொடுப்பான், கறை தங்கினால் யார் செலவில் ஆள் வைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இனி உங்கள் வீட்டுச் சண்டை. கலையா நாசவேலையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மாட்டேன், ஏனென்றால் அது இரண்டுமாக இருக்க முடியும். கீத் ஹேரிங் என்ற அமெரிக்க ஓவியர் 1986-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு ஹேண்ட்பால் மைதானச் சுவரில் போதைப்பொருளுக்கு எதிராக அனுமதியில்லாமல் ஒரு படம் வரைந்தார், அபராதம் கட்டினார், படத்தையும் அழித்துவிட்டார்கள். பிறகு பூங்காத் துறையே அவரைக் கூப்பிட்டு அதே சுவரில் மறுபடி வரையச் சொன்னது, அது இன்றைக்கும் அங்கே இருக்கிறது. கைகள் அதே கைகள், சுவரும் அதே சுவர், நடுவில் மாறியது அனுமதி மட்டும்தான். நம் டர்பனிலேயே வார்விக் பக்கம் போனால் பார்க்கலாம், கேப் டவுனில் பிறந்த ஃபெய்த்47 என்ற ஓவியர் 2014-இல் மேம்பாலத் தூண்களில் சாதாரண மக்களின் உருவங்களை ஆளுயரத்துக்கு மேலே வரைந்தார். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் நின்று அண்ணாந்து பார்க்க வைக்கிற வேலை அது. பையனை ஒருநாள் அங்கே கூட்டிப் போங்கள், தூணின் கரடுமுரடை அவர் எப்படி முகத்தின் பகுதியாகவே ஆக்கியிருக்கிறார் என்று பக்கத்தில் போய்ப் பார்க்கட்டும்.

அவன் ஒருவேளை உங்களிடம் நிறவெறிக் காலத்தைச் சொல்லி வாதாடலாம், மண்டேலாவை விடுதலை செய் என்று சுவரில் எழுதியவர்களும் அனுமதி கேட்கவில்லையே என்று. நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். வாக்குரிமையும் இல்லாமல், பேசினால் சிறை என்று இருந்த காலத்தில் அவர்களுக்குச் சுவரை விட்டால் வேறு வழி குறைவு. இன்றைய அரசியல் சாசனத்தின் 16-ஆவது பிரிவு கலைச் சுதந்திரத்தைப் பெயர் சொல்லியே காக்கிறது, ஆனால் 25-ஆவது பிரிவு சொத்துரிமையையும் காக்கிறது. அவனுக்கு வரைய நூறு வழி திறந்திருக்கும்போது, ஒரு பெரியவர் சம்பாதித்துக் கட்டிய மதிலை எடுத்துக்கொள்வதற்கு அந்த வரலாற்றைத் துணைக்கு அழைப்பது சரியில்லை.

பாத்திரம் யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். பெயரும் கதையும் அவனுடையதாக இருக்கலாம், ஆனால் 1978-ஆம் ஆண்டின் நம் காப்புரிமைச் சட்டம், மூலப் படத்தின் முக்கிய அம்சங்கள் இன்னும் அடையாளம் தெரிகிற மாதிரி மாற்றினால் அதைத் தழுவல் என்கிறது. தழுவும் உரிமை மூலப் படத்தின் சொந்தக்காரருக்கு. பெரிய கண்கள் ஒட்டியிருப்பது, பின்னால் பாயும் முள், வெள்ளைக் கையுறை, அந்தச் ஷூ எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு கலரை மட்டும் மாற்றினால் அது தழுவல்தான். வீட்டு நோட்டில் வரைவதை யாரும் தேடி வரப் போவதில்லை. கடைச் சுவருக்கு, அதுவும் காசு வாங்கிக்கொண்டு வரையும்போது நிலைமை மாறும். 1989-இல் ஃபுளோரிடாவில் மூன்று குழந்தைகள் காப்பகங்கள் சுவரில் மிக்கி மவுஸ் கூட்டத்தை வரைந்து வைத்திருந்தார்கள் என்பதற்காக டிஸ்னி நிறுவனம் அவற்றை அழிக்கச் சொன்னது. அங்கே சுவரும் அவர்களுடையதுதான், அனுமதிப் பிரச்சினையே இல்லை, படம்தான் பிரச்சினை. அவனிடம் ஒரு வேலை கொடுங்கள்: பாத்திரத்தை முழுக் கறுப்பில் நிழலுருவமாக வரைந்து, கேம் விளையாடுகிற நண்பனிடம் காட்டட்டும். நண்பன் உடனே சோனிக் என்றால் இன்னும் மாற்ற வேண்டும். நான் பார்த்தவரை, இந்த வேலையில் இறங்கும்போதுதான் பிள்ளைகளுக்குச் சொந்தக் கை வருகிறது.

அப்புறம் எங்கே வரைவது? உங்கள் காம்பவுண்டுக்கு உள்பக்கச் சுவரில் தொடங்கட்டும். இல்லையென்றால் ஒரு ப்ளைவுட் பலகையின் விளிம்புகளையும் சேர்த்து சீல் செய்து, வெள்ளை பிரைமர் அடித்துக் கொடுங்கள். அப்படியே விட்டால் நம் ஊர் ஈரக் காற்றுக்கு விளிம்புதான் முதலில் ஊதும். அடுத்து பள்ளி, தெருமுனை டக்‌ஷாப், முடிவெட்டும் கடை. வெற்றுச் சுவரைப் பார்த்து அலுத்துப்போன கடைக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், காகிதத்தில் ஒரு மாதிரிப் படத்தோடு போய்க் கேட்டால் காது கொடுப்பார்கள். கோயில் சுவரில் ஏதாவது சாமி படம் வரையக் கேட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். 60 வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது என்று 1999-ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டம் சொல்கிறது, நம் முன்னோர் கட்டிய பல கோயில்கள் அதற்குள் வருகின்றன, டர்பனின் உம்பிலோ கோயில் மாதிரி பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டவற்றுக்கு விதிகள் இன்னும் இறுக்கம். கோயில் கமிட்டி சரி சொன்னால் மட்டும் போதாது. ஊருக்கு ஊர் வித்தியாசமும் உண்டு: கேப் டவுனில் 2010-இன் கிராஃபிட்டி துணைவிதிப்படி, தெருவிலிருந்து தெரிகிற சுவரோவியம் என்றால் சொந்தச் சுவருக்கும் நகராட்சி பெர்மிட் வாங்க வேண்டும். அதனால் தெருப் பக்கம் பார்த்த சுவர் எதுவானாலும் டர்பனிலும் வார்டு கவுன்சிலர் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதியை வாய் வார்த்தையாக விடாதீர்கள். ஒரு பக்கக் காகிதம் போதும்: எந்த முகவரி, எந்தச் சுவர், என்ன படம் (மாதிரிப் படத்தைப் பின் குத்திவிடுங்கள்), எந்தத் தேதி, பெயின்ட் யார் செலவு, எத்தனை நாள் இருக்கலாம், பிடிக்காவிட்டால் யார் வெள்ளையடிப்பது. கையெழுத்து வீட்டுச் சொந்தக்காரருடையதாக இருக்க வேண்டும், வாடகைக்கு இருப்பவர் போட்டால் செல்லாது. ஃபிளாட் என்றால் பாடி கார்ப்பரேட்டின், அதாவது ஃபிளாட் உரிமையாளர்கள் சங்கத்தின், கடிதம். வரைகிற அன்றைக்கு அதன் நகல் ஒன்றை அவன் பையில் வைத்துக்கொள்ளட்டும், யாராவது நிறுத்திக் கேட்டால் எடுத்துக் காட்டலாம்.