டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனாலும் மூட்டு வலி தீரவில்லை: என்ன காரணமாக இருக்கலாம்?

கேள்வி: வயது 34. இரண்டு வருடமாக மூட்டு மூட்டாக வலி. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாமே நார்மல். வீட்டில் மனப்பிரமை என்கிறார்கள். வேறு என்ன காரணம் இருக்கலாம்?

நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூட டீச்சர். ஆனால் இதே கேள்வியோடு ஏழு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவள். அதனால் என் கதையைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

எனக்கு 29 வயதில் குதிகாலில் ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் உயிர் போகும். நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறவளுக்குக் குதிகால் வலிக்காமல் என்ன செய்யும் என்றார்கள், நானும் நம்பி மெத்தென்ற செருப்பு வாங்கினேன். அடுத்த வருடம் வலி இடுப்புக்கு வந்தது. இடுப்பு என்றால் புட்டத்துக்குள் ஆழமாக. ஒரு வாரம் இடப்பக்கம், அடுத்த வாரம் வலப்பக்கம். விடியற்காலை நாலு மணிக்கு வலியில் முழிப்பு வந்துவிடும். எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்கும்போது பாதி குறைந்திருக்கும். இட்லி வெந்து இறக்கும் நேரத்தில், நாலு மணிக்கு அப்படித் துடித்தது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

என் மாமியார் ஒருநாள் சொன்னார்: "வாரம் பூரா ஓடியாடுறே, ஞாயித்துக்கிழமை வந்தா மட்டும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துக்கிறியேம்மா." ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள், விருந்தாளி வருவார்கள், அடுப்படி வேலை அதிகம், அதற்குப் பயந்து நடிக்கிறேன் என்பது அவர் கணக்கு. அன்றைக்கு அழுதேன். ஆனால் அவர் பார்த்தது நிஜம். ஞாயிறு மட்டும்தான் ஏழரை வரை படுத்திருப்பேன், எழுந்தால் பத்து மணி வரை உடம்பு மரக்கட்டைதான். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு இரவு பஸ்ஸில் போனாலும் இதே கதை.

ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் நார்மல். யூரிக் ஆசிட் நார்மல். இடுப்பு எக்ஸ்ரே நார்மல். கடன் வாங்கி எம்ஆர்ஐ எடுத்தோம், அதுவும் நார்மல். ஃபைல்தான் கனத்துக்கொண்டே போனது. கடைசியாகப் பார்த்த ஒருவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து, "டென்ஷனைக் குறைச்சுக்கங்க" என்றார்.

நடுவில் இரண்டு தடவை கண் சிவந்தது. பள்ளிக்கூடத்தில் யாருக்கோ மெட்ராஸ் ஐ இருந்தது, எனக்கும் அதுதான் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். ஆனால் பீளை கட்டவில்லை. ஒரே ஒரு கண். வெளிச்சத்தைப் பார்த்தால் உள்ளே குத்தும். இடுப்பு வலிக்குப் போன இடத்தில் கண்ணைப் பற்றி யார் சொல்வார்கள்? நானும் சொல்லவில்லை.

36 வயதில்தான் ரூமட்டாலஜிஸ்ட் என்று ஒரு வகை டாக்டர் இருப்பதே தெரிந்தது. எலும்பு டாக்டர் வேறு, மூட்டு அழற்சி, வாத நோய்களைப் பார்க்கும் இவர் வேறு. ஃபைலை நீட்டினேன், வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது? வேலை செஞ்சா கூடுதா, குறையுதா? லீவு நாள்ல எப்படி?" அப்புறம், "கண்ணு எப்பவாவது சிவந்திருக்கா?" நான் என் கணவரைப் பார்த்தேன்.

முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் சேக்ரோ இலியாக் என்று இரண்டு மூட்டுகள் உண்டு. நாங்கள் எடுத்த எம்ஆர்ஐ கீழ் முதுகு டிஸ்க்குக்கானது. அந்த மூட்டுகள் அதில் சரியாக வரவே இல்லை. அங்கே மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது அழற்சி தெரிந்தது. எச்எல்ஏ-பி27 என்ற ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ். (இந்த ஜீன் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை, ரிசல்ட்டை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) நோயின் பெயர் ஆக்ஸியல் ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ், அதாவது முதுகெலும்பையும் இந்த இடுப்பு மூட்டுகளையும் பிடிக்கும் அழற்சி. பொதுவாக 45 வயதுக்குள் தொடங்கும். ஓய்வில் கூடும், அசைந்தால் குறையும். குதிகாலில் தசைநார் எலும்போடு ஒட்டும் இடத்தையும் பிடிக்கும், கண்ணின் உள்பகுதியையும் பிடிக்கும். எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமானால் எலும்பு கொஞ்சம் அரித்திருக்க வேண்டும், அதற்கு வருடங்கள் ஆகலாம். ஈஎஸ்ஆரும், அதே வகைச் சோதனையான சிஆர்பியும் நிறைய பேருக்கு நார்மலாகவே இருக்கும். ஆர்ஏ ஃபேக்டரோ வேறொரு நோய்க்கான சோதனை. அந்த நோயிலேயே, அதாவது முடக்குவாதத்திலேயே, ஐந்தில் ஒருவருக்காவது அது நெகட்டிவாகத்தான் வரும்.

ஆக, என் ரிப்போர்ட்டுகளில் பொய் எதுவும் இல்லை. என் வலிக்கான காரணத்தைக் காட்டக்கூடிய சோதனை அவற்றில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அழற்சிக்கான மாத்திரையைக் கிட்னி, வயிறு எல்லாம் பரிசோதித்துவிட்டு முறையாகக் கொடுத்தார்கள், முதுகை வளைக்கும் உடற்பயிற்சி தினமும். மூன்றாம் நாள் நாலு மணிக்கு முழிப்பு வரவில்லை.

உங்களுக்கும் இதுதான் என்று சொல்லவில்லை. 'மூட்டு மூட்டாக' என்று எழுதியிருக்கிறீர்கள், அது பல திசையில் போகும்.

என் நாத்தனாருக்கும் எல்லாம் நார்மல். அவருக்கு உடம்பு பூராவும் வலி, இன்ன இடம் என்றில்லை. குழந்தை மடியில் ஏறினால் வலிக்கும், பிளவுஸ் கை இறுக்கினால் வலிக்கும். எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்காத மாதிரி எழுந்திருப்பார், அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுவார். இது ஃபைப்ரோமயால்ஜியா. மூட்டில் கோளாறு இல்லை. நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் விதத்தில்தான் கோளாறு. மனப்பிரமை என்ற பட்டத்தை அதிகம் வாங்குகிறவர்கள் இவர்கள்தான். 1975-இல் கனடாவில் மோல்டாஃப்ஸ்கி என்ற மருத்துவரின் குழு, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த சிலரை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவிடாமல் கலைத்துக்கொண்டே இருந்தது. சில இரவுகளிலேயே அவர்களுக்கும் உடம்பு வலி வந்துவிட்டது. முன்பெல்லாம் 18 இடங்களில் அழுத்திப் பார்த்து 11 இடத்தில் வலித்தால்தான் இந்த நோய் என்பார்கள். 2010-க்குப் பிறகு அந்தக் கணக்குக் கட்டாயமில்லை. நாத்தனாருக்கு அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் கொடுத்தார்கள். போனில் தேடினார், 'மன அழுத்த மாத்திரை' என்று வந்தது, குப்பையில் போட்டுவிட்டார். நரம்பு வழியாகப் போகும் வலியைக் குறைக்கவும் அதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள் என்று யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். இப்போது அவருக்கு மாத்திரையைவிடச் சாயங்கால நடைதான் அதிகம் கைகொடுக்கிறது.

வைட்டமின் டி பற்றிக் கட்டாயம் யாராவது சொல்வார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது குறையுமா என்றால், குறையும். வீட்டிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து கட்டடம் என்று இருப்பவர்கள் மேல் வெயில் எங்கே படுகிறது? ரொம்பக் குறைந்தால் எலும்பு மென்மையாகித் தொடையும் இடுப்பும் வலிக்கும், தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாது. ஆனால் டெஸ்ட் எடுத்தால் பாதிப் பேருக்குக் குறைவு என்றுதான் வருகிறது, கேஸ் அதோடு முடிந்துவிடுகிறது. எனக்கும் குறைவுதான். 60,000 யூனிட் மாத்திரை வாரம் ஒன்றாக எட்டு வாரம் போட்டேன், வலி அசையவில்லை. அதையே வருடக்கணக்கில் தானாக வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும், வேண்டாம்.

போடுகிற மாத்திரைகளையும் ஒரு தடவை பாருங்கள். அப்பாவுக்கு முழங்கையும் மணிக்கட்டும் திடீரென்று பிடித்துக்கொண்டன. வயசாயிடுச்சு என்று விட்டிருப்போம். சுகர் டாக்டர்தான் தான் எழுதிய வில்டாகிளிப்டினை நிறுத்திப் பார்த்தார், சில வாரத்தில் சரியாகிவிட்டது. கிளிப்டின் என்று முடியும் இந்த வகை மாத்திரைகள் சிலருக்குக் கடுமையான மூட்டு வலி தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்திருக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை தசை வலி தரும், மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் லெட்ரோசோல் மூட்டு வலி தரும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள்.

காய்ச்சல் வந்த பிறகு ஆரம்பித்ததா என்றும் யோசியுங்கள். 2006-இல் சிக்குன்குனியா வந்தபோது தெருவில் பாதிப் பேர் சுவரைப் பிடித்து நடந்தது ஞாபகம் இருக்கும். அந்தப் பெயரே ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழியில் உடம்பு வளைந்துபோவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. காய்ச்சல் மூன்று நாளில் போனாலும் மூட்டு வலி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும்.

தைராய்டு பார்த்தீர்களா? தலையில் பொடுகு என்று நினைத்துக்கொண்டிருப்பது சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோயாக இருக்கலாம், அதோடு நகத்தில் ஊசியால் குத்தின மாதிரி குழிகள் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அது தரும் மூட்டு வலியிலும் ஆர்ஏ ஃபேக்டர் பெரும்பாலும் நெகட்டிவ். கட்டை விரலை மடக்கினால் முன்கையில் படுகிறதா, முழங்கை பின்னால் வளைகிறதா? பரதநாட்டியம் ஆடும் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அப்படி வளையும், எல்லோரும் கை தட்டுவோம். அவளுக்கு வரும் வலிக்குக் காரணமே அந்தத் தளர்ந்த மூட்டுகள்தான். தசையை வலுப்படுத்தும் பயிற்சிதான் வைத்தியம்.

ஒரு மூட்டு சிவந்து சூடாக வீங்கினால், கூடவே காய்ச்சல் இருந்தால், எடை தானாக இறங்கினால், இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரே நாளில் வலி பறந்துவிடும் என்று கொடுக்கும் பெயரில்லாத பொடி பக்கமும் போகாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டிருக்கிறது.

ரூமட்டாலஜிஸ்ட் கிடைப்பது கஷ்டம்தான், மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம். பணம் பிரச்சினை என்றால், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது. போவதற்கு முன்னால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வலி முழிக்க வைத்தது, விறைப்பு விலக எத்தனை நிமிடம் ஆனது, வீக்கம் இருந்ததா (இருந்தால் அப்போதே போனில் போட்டோ), எதைச் செய்தபோது குறைந்தது. காலை விறைப்பு அரை மணி நேரத்தைத் தாண்டுகிறது என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் வலி எந்த நேரத்தில் அதிகம் என்று இல்லை. எந்தெந்த மூட்டு, வேறென்ன மாத்திரை என்பதும் இல்லை. எழுதினால், இன்னும் கொஞ்சம் பொருத்தமாகச் சொல்லப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.